யூபிகே பாதுகாப்புச் சாவி: மட்டக்களப்பில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் பயன்பாட்டிலிருந்து

மின்னஞ்சலை நம்பித் தொழில் நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்று, இணையப் பாதுகாப்புக்கென்று முதன்முறையாகப் பணம் ஒதுக்க முன்வருமானால், ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவி (கணக்குக்குள் உள்நுழையும்போது கணினியில் செருகித் தொடும் ஒரு சிறு கருவி) வாங்கிக் கொடுப்பதே அதன் முதற்செலவாக இருக்க வேண்டும். யூபிகே சாவிகளை மட்டக்களப்பிலுள்ள எமது கணக்காய்வு அலுவலகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, வரிக் காலத்தின் நெருக்கடியிலும் பயன்படுத்திப் பார்த்த பின்னர் நான் வந்தடைந்த முடிவு இது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். எனினும் வாங்குவது வேலையின் சிறு பகுதிதான். சாவி தொலைந்தால் கணக்குக்குள் எப்படி நுழைவது என்ற கேள்விக்கு அலுவலகம் என்ன விடை வைத்திருக்கிறதோ, அந்த விடையின் பலத்துக்கு மேல் சாவிக்குத் தனிப் பலம் கிடையாது. இதை விற்பனை விளம்பரங்களில் காண முடியாது என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. இதைத் தயாரிக்கும் யூபிகோ 2007ஆம் ஆண்டு சுவீடனில் தொடங்கப்பட்ட நிறுவனம். சாவி என்று சொன்னாலும் பார்வைக்குப் பென் டிரைவைவிட மெல்லிய, விரலகலமுள்ள ஒரு கறுப்புத் தகடுதான். நடுவில் தொடுவதற்கு ஓர் உலோக வட்டமும், சாவிக் கொத்தில் மாட்டுவதற்கு ஒரு துளையும் இருக்கின்றன. மின்கலம் இல்லை, திரை இல்லை, கோப்புகள் எதையும் அதில் சேமிக்க முடியாது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகியோ, என்எஃப்சி (அருகில் வைத்தாலே தரவைப் பரிமாறும்) வசதியுள்ள கைத்தொலைபேசியின் பின்புறத்தில் ஒற்றியோ பயன்படுத்தலாம். விற்பனையிலுள்ள வரிசைகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. 'செக்யூரிட்டி கீ' எனப்படும் மலிவான வரிசை ஃபிடோ2 என்ற உள்நுழைவு முறையை மட்டும் செய்கிறது; 'யூபிகே 5' எனப்படும் வரிசை அதனுடன் ஸ்மார்ட் கார்ட், ஒருதடவைக் கடவுச்சொல், மின்னஞ்சல் குறியாக்கம் ஆகியவற்றையும் செய்கிறது. நாங்கள் வாங்கிய காலத்தில் முதலாவது 30 டொலருக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவது 50 டொலருக்கு மேலாகவும் இருந்தன. கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சலைப் பாதுகாப்பதுதான் நோக்கமென்றால் மலிவான வரிசையே போதுமானது. எங்களிடம் இருப்பதும் பெரும்பாலும் அதுவே.

எமது அலுவலகம் பெரியதல்ல. ஆனால் அதன் கோப்புகளில் இருப்பவை சிறியவை என்று சொல்ல முடியாது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலுமுள்ள அரிசி ஆலைகள், காத்தான்குடிப் புடவைக் கடைகள், பாசிக்குடாவின் விடுதிகள் எனப் பலருடைய வங்கிக் கூற்றுகள், சம்பளப் பட்டியல்கள், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்கள், அடையாள அட்டை இலக்கங்கள், வற் வரிக் கணக்குகள் எல்லாம் எமது மின்னஞ்சலிலும் அதனுடன் இணைந்த இணையச் சேமிப்பிலும் கிடக்கின்றன. ஒருவருடைய கடவுச்சொல் கைமாறினால் இழப்பு அவருடன் நிற்காது, அவர் பார்க்கும் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேரும். நவம்பர் 30இல் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும் இறுதி நாள் நெருங்க நெருங்க, வாடிக்கையாளர்களிடமிருந்து நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இணைப்புகளாவது வந்து குவியும். அந்த அவசரத்தில், ஏற்கெனவே களவுபோன ஒரு வாடிக்கையாளரின் உண்மையான மின்னஞ்சல் முகவரியிலிருந்தே, 'வங்கிக் கூற்று இணைக்கப்பட்டுள்ளது' என்ற குறிப்புடன் ஒரு சுட்டி வந்து, அதை அழுத்தியதும் கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறந்தால், மாலை ஐந்து மணிக்குச் சோர்ந்திருக்கும் ஒரு எழுதுவினைஞர் முகவரிப் பட்டையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் பெரும்பாலும் அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன.

குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணும் இந்த இடத்தில் உதவுவதில்லை. போலிப் பக்கத்தை நடத்துபவர், ஊழியர் தட்டச்சுச் செய்யும் கடவுச்சொல்லை அதே நொடியில் உண்மையான பக்கத்தில் இடுகிறார். உண்மையான நிறுவனம் ஊழியரின் கைத்தொலைபேசிக்கு எண்ணை அனுப்புகிறது. ஊழியர் அதையும் போலிப் பக்கத்திலேயே இடுகிறார். கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற செயலிகள் தரும் எண்ணுக்கும் இதே கதிதான், ஏனெனில் எண்ணை வாசித்து வேறோரிடத்தில் தட்டச்சுச் செய்யக்கூடிய எதையும் இன்னொருவர் இடையில் நின்று வாங்கிக்கொள்ள முடியும்.

பாதுகாப்புச் சாவியில் வாசிப்பதற்கு எண் எதுவும் இல்லை. ஒரு கணக்கில் சாவியைப் பதிவுசெய்யும்போது, அந்த இணையத்தளத்தின் முகவரிக்கென்றே ஓர் இரகசிய இலக்கச் சோடி உருவாக்கப்படுகிறது. அதன் ஒரு பாதி இணையத்தளத்துக்குப் போகிறது, மற்றப் பாதி சாவியின் சில்லை (சிப்) விட்டு வெளியே வருவதில்லை. பின்னர் உள்நுழையும்போது, எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதை உலாவியே சாவிக்குத் தெரிவிக்கிறது. பக்கத்தின் தோற்றம், நிறம், இலச்சினை ஆகியவை கணக்கில் எடுக்கப்படுவதேயில்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த முகவரிக்கான இரகசியம் சாவியிடம் இல்லை. ஆகவே ஊழியர் எவ்வளவு நம்பிக்கையோடு தொட்டாலும் எதுவும் நடப்பதில்லை. ஊழியரின் கவனத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்த பொறுப்பு இயந்திரத்துக்கு மாற்றப்படுகிறது. இந்தப் பொருளின் பெறுமதி முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வாதமல்ல. 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்த கூகுள் நிறுவனம், 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கிய பின்னர் ஊழியர் கணக்கு எதுவும் பறிபோனதாக அறியப்படவில்லை என்று 2018இல் தெரிவித்தது. அதைவிடத் தெளிவான சான்று 2022 ஜூலையில் கிடைத்தது. கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. அவர்களில் மூவர் ஏமாந்து தமது கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் கொடுத்தும் விட்டனர். ஆயினும் எல்லோரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்ததால் தாக்கியவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அதே காலத்தில் அதே வகைக் குறுஞ்செய்தித் தாக்குதலுக்கு உள்ளான டுவிலியோ நிறுவனத்தில் உட்புகல் நிகழ்ந்தது. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் ஊழியர்களே ஏமாந்தார்கள் என்பதை, மட்டக்களப்பில் ஒரு கணக்கு எழுதுவினைஞர் ஏமாந்தால் அவரைத் திட்டத் துணிபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாங்கும் வழிதான் எமக்குச் சிக்கலாக இருந்தது. நாங்கள் விசாரித்த அளவில் நகரத்தின் கணினிக் கடைகள் எதிலும் இந்தச் சாவி இருக்கவில்லை. 'அது என்ன சேர், டொங்கிளா?' என்ற கேள்விதான் பதிலாகக் கிடைத்தது. இறுதியில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் மூலம் தருவித்தோம். பல கைகள் மாறி வரும் ஒரு பாதுகாப்புப் பொருள் அசலானதுதானா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைத் தீர்க்க யூபிகோவின் இணையத்தளத்திலேயே ஒரு சரிபார்ப்புப் பக்கம் இருக்கிறது. சாவியைச் செருகித் தொட்டால், தொழிற்சாலையில் அதனுள் பதிக்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு அது அசலா என்பதைச் சொல்லிவிடுகிறது. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் எந்தச் சாவியையும் ஊழியர் கையில் கொடுக்க வேண்டாம்.

அத்துடன் சாவியின் உள் மென்பொருளின் பதிப்பையும் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நிஞ்ஜாலேப் என்ற ஆய்வுக்கூடம், யூபிகே சாவிகளில் இருந்த இன்ஃபினியன் நிறுவனத்தின் சில்லில், இரகசிய இலக்கத்தைப் பிரித்தெடுக்க இடமளிக்கும் ஒரு குறைபாட்டை வெளியிட்டது. அதைப் பயன்படுத்துவதற்குச் சாவியைக் கையிலெடுத்து, உறையைப் பிரித்து, விலையுயர்ந்த ஆய்வுக் கருவிகளைக் கொண்டு அளக்க வேண்டும். எமது எழுதுவினைஞரின் சாவிக்காக அவ்வளவு சிரமப்பட எவரும் வரப்போவதில்லை என்றாலும், புதிதாகப் பணம் கொடுப்பவர் ஏன் பழையதை வாங்க வேண்டும்? 2024 மே மாதத்தில் வெளிவந்த 5.7 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் அந்தக் குறைபாடு இல்லை. சாவியின் உள் மென்பொருளை வாங்கிய பின்னர் புதுப்பிக்கவே முடியாது; எவரும் அதில் கைவைக்க முடியாதபடி அப்படித்தான் வடிவமைத்துள்ளார்கள். ஆகவே பழைய இருப்பை மலிவாகத் தருகிறோம் என்று இணையக் கடைகளில் வரும் விளம்பரங்களைத் தவிர்ப்பது நல்லது. யூபிகோ ஒதென்டிகேட்டர் என்ற இலவசச் செயலியில் சாவியைச் செருகினால் பதிப்பு இலக்கம் தெரியும்.

இனி, மிகுந்த நேரத்தை எடுத்த பகுதிக்கு வருகிறேன். சாவிகளைப் பதிவுசெய்ய உட்கார்ந்தபோது, ஒவ்வொரு கணக்குக்கும் ஏற்கெனவே என்னென்ன நுழைவழிகள் இருக்கின்றன என்று பட்டியலிட்டுப் பார்த்தோம். அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு மீட்பு எண்ணாகக் கொடுக்கப்பட்டிருந்தது, பல ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் வேலை செய்துவிட்டுக் கட்டாருக்குப் போன ஒருவருடைய பழைய கைத்தொலைபேசி எண். அவர் நல்லவர், ஆனால் அந்த எண் இன்று அவரிடமே இருக்கிறதா, அல்லது பாவனையின்றி இரத்தாகி வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டதா என்பது எவருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும், கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் குசினிக் கதவைக் கயிற்றால் கட்டி வைப்பதைப் போன்றது, இந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டுச் சாவி வாங்குவது. எமது வாடிக்கையாளர்கள் சிலரிடம் விசாரித்தபோது அவர்களுடைய நிலையும் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது: கடைக்கு முதன்முதலில் மின்னஞ்சல் திறந்துகொடுத்த கொமியூனிகேஷன்காரரின் எண்ணே இன்னும் மீட்பு எண்ணாக இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டிய வேலையின் வரிசை இதுதான் என்று கருதுகிறேன். முதலில் பழைய எண்களையும் பழைய மீட்பு முகவரிகளையும் நீக்க வேண்டும்; அடுத்ததாக ஒவ்வொரு கணக்கிலும் குறைந்தது இரண்டு சாவிகளைப் பதிவுசெய்ய வேண்டும்; அதன் பின்னரே குறுஞ்செய்தி வழியை மூட வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் அலுவலகமே தன் கணக்குக்கு வெளியே நிற்க நேரிடும். கூகுளின் நிறுவனச் சேவையில், நிர்வாகி விரும்பினால் பாதுகாப்புச் சாவியை மட்டுமே ஏற்கும்படி கட்டாயப்படுத்தலாம். நாங்கள் பங்காளர்கள், நிர்வாகி ஆகியோரின் கணக்குகளில் அந்தக் கட்டாயத்தை உடனே கொண்டுவந்தோம். மற்றவர்களுக்குச் சற்றுத் தாமதித்தோம்.

இரண்டு சாவி என்பது ஆளுக்கு இரண்டு என்றால் செலவு அதிகமாகிவிடும். ஒரு சாவி ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேருள்ள அலுவலகத்துக்கு இரண்டு இலட்சத்தை நெருங்கும் தொகை அது. எனவே பங்காளர்களுக்கும் நிர்வாகிக்கும் மட்டும் இரண்டு கொடுத்துவிட்டு, ஏனைய ஊழியர்களுக்கு ஒன்றைக் கொடுத்து, இரண்டாவது வழியாக கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டோம். எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடுகள் அதில் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அந்தத் தாளை ஊழியரின் முன்னிலையில் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் குறுக்கே அவரே கையொப்பமிட்டு, அலுவலக முத்திரையும் பதித்து இரும்புப் பெட்டியில் வைக்கிறோம். உறை பிரிக்கப்பட்டால் கையொப்பம் கிழிந்து தெரிந்துவிடும். கணக்காய்வாளர்களுக்குப் பழக்கமான காரியம் என்பதால் இதை விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

சாவிக்கென்று ஒரு பின் இலக்கமும் அமைக்க வேண்டும். குறைந்தது நான்கு எழுத்துகளோ இலக்கங்களோ போதும். எட்டுத் தடவை பிழையாக இட்டால் சாவி பூட்டிக்கொள்ளும், பின்னர் முழுவதையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. தெருவில் கண்டெடுத்தவர் பயன்படுத்த முடியாது என்ற வகையில் இது நல்ல ஏற்பாடு. ஆயினும் பின் இலக்கத்தை மறந்துவிட்டு, வங்கி அட்டைக்குரிய இலக்கத்தை இட்டுப் பார்ப்பதும், பிறந்த ஆண்டை இட்டுப் பார்ப்பதுமாக முயற்சிகளைத் தீர்த்துவிடுபவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்.

சாவியைக் கையில் கொடுத்த அன்று, எமது மூத்த எழுதுவினைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி: "சேர், இதத் தொலைச்சா என்ட சம்பளத்திலயா வெட்டுவீங்க?" அதுவரை எம்மில் எவரும் அதை யோசித்திருக்கவில்லை. சம்பளத்தில் வெட்டுவோம் என்று சொன்னால், தொலைந்த சாவியை அவர் வீட்டிலும் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலும் ஒரு கிழமை தேடுவாரேயன்றி எம்மிடம் சொல்ல மாட்டார். எமக்குத் தேவைப்படுவதோ அன்றே சொல்வது. ஆகவே தொலைந்த அன்றைக்கே அறிவித்தால் கட்டணம் இல்லை என்று எழுத்தில் கொடுத்தோம். பாதுகாப்புக் கொள்கை என்ற தலைப்பில் நாம் தயாரித்த ஆவணத்தில் ஊழியர்கள் உண்மையில் வாசித்த ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நாளாந்தப் பாவனையில் சாவி தொந்தரவாக இல்லை. ஒரு கணினியில் முதற்தடவை உள்நுழையும்போதே அது தேவைப்படுகிறது. நம்பகமான கணினி என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு காலையும் கேட்பதில்லை. எமது பழைய கணினிகள் மேசைக்கு அடியில் நிற்பவை, அவற்றின் யூஎஸ்பி துளைகள் பின்புறத்தில் சுவரோடு ஒட்டியிருப்பவை என்பதால், சேலையுடனோ அபாயாவுடனோ குனிந்து செருகும் சிரமத்தைத் தவிர்க்க யூஎஸ்பி நீட்சி வயர்கள் சிலவற்றை வாங்கி மேசைமேல் கொண்டுவர வேண்டியிருந்தது. விலை மிகக் குறைந்த அந்த வயர்கள்தான் சாவியை ஊழியர்கள் ஏற்றுக்கொள்ளச் செய்தன என்றுகூடச் சொல்லலாம். கல்லடியின் கடற்காற்றும் மார்கழி மழையும் என்ன செய்யுமோ என்று ஐயம் இருந்தது. தூசுக்கும் நீருக்கும் தாக்குப்பிடிக்கும் ஐபி68 தரம் என்று நிறுவனம் கூறுகிறது, இதுவரை எந்தச் சாவியும் பழுதாகவில்லை. மலிவான கைத்தொலைபேசிகள் பலவற்றில் என்எஃப்சி வசதி இருப்பதில்லை என்பதையும் வாங்குவதற்கு முன்னர் பார்த்துக்கொள்ள வேண்டும்; கைத்தொலைபேசியிலேயே வேலை பார்ப்பவருக்கு யூஎஸ்பி-சி வகைதான் பொருத்தம்.

இவ்வளவும் சொன்ன பின்னர், சாவி செய்யாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தப் பட்டியல் சிறியதல்ல. நாங்கள் பயன்படுத்தும் வங்கிகளின் இணையச் சேவைகளில் இது வேலை செய்யாது; அங்கே இன்னும் குறுஞ்செய்தி எண்தான். வரி, சேமலாப நிதி தொடர்பான இணையச் சேவைகளிலும் நாங்கள் கடவுச்சொல்லைக் கொண்டே நுழைகிறோம். அவற்றுக்குக் கடவுச்சொல் முகாமை மென்பொருள் ஒன்றைத் தனியாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டால், ஏற்கெனவே உள்நுழைந்து திறந்திருக்கும் கணக்கை அது அப்படியே களவாடிச் செல்ல முடியும். சாவியால் அதைத் தடுக்க முடியாது. பணம் கொடுக்காமல் உடைத்துப் பயன்படுத்தும் கணக்கியல் மென்பொருள்களும், வாடிக்கையாளர்கள் சட்டைப்பையில் கொண்டுவரும் பென் டிரைவுகளும் எமது பகுதியில் அந்த வைரஸ்களுக்கான வழக்கமான வாகனங்கள். சாவியை வாங்கிவிட்டு உடைத்த மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் அலுவலகத்துக்கு நான் சாவியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு வகை மோசடிக்குக் கணக்கைக் களவாட வேண்டிய தேவையே இல்லை. ஆலை ஒன்றின் முகாமையாளர் பெயரில், தனது சம்பளக் கணக்கு மாறிவிட்டதாகவும் இம்மாதம் முதல் புதிய கணக்குக்குப் பணத்தை இடும்படியும் ஒரு மின்னஞ்சல் எமக்கு வந்தது. அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்துத்தான் கூடுதலாக இருந்தது. கணக்கு இலக்கம் மாறினால், எம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்த வேண்டும் என்பது எமது அலுவலக வழக்கம் என்பதால், சம்மாந்துறையிலுள்ள ஆலை உரிமையாளரை அழைத்தோம். "கணக்கு நம்பர் ஒண்டும் மாத்தல்ல தம்பி, வேற ஆரோ அனுப்பியிருக்கானுகள்" என்றார் ஹாஜியார். சாவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. காப்பாற்றியது ஒரு தொலைபேசி அழைப்புத்தான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் களவாடியவர்கள் 81 மில்லியன் டொலரை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்; இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்ப முயன்ற 20 மில்லியன் டொலரோ, அந்தப் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் கண்டு வங்கியில் ஒருவர் விளக்கம் கேட்டதால் நின்றுபோனது. கேள்வி கேட்கும் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதால், அதற்குச் செலவு இல்லை என்று நினைத்து அலுவலகங்கள் அதைப் புறக்கணிக்கின்றன.

காப்புப் பிரதியும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் பிரதியின்மையால் இழக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறக்குறைய 5,000. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் அடங்கும். எமது அலுவலகத்தில் வாரந்தோறும் பிரதி எடுத்த பின்னர், அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறு கட்டடத்தில் வைக்கிறோம். இணைந்தபடியே இருக்கும் வன்தட்டைக் கப்ப மென்பொருள் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.

சாவிக்கு மாற்று எதுவும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசிகளும் விண்டோஸ் கணினிகளும் இதே ஃபிடோ முறையிலான 'பாஸ்கீ'யைப் பணமின்றியே தருகின்றன. போலிப் பக்கத்தில் ஏமாறாத தன்மை அவற்றிலும் உண்டு. தனி ஒருவர் நடத்தும் கடைக்கு அதுவே போதும், பணம் செலவிட வேண்டாம். அலுவலகம் என்று வரும்போது, ஊழியரின் சொந்தக் கைத்தொலைபேசியில் அலுவலகத்தின் திறப்பை வைப்பதா என்ற கேள்வி எழுகிறது. அவர் கைத்தொலைபேசியை விற்கிறார், பிள்ளைக்குக் கொடுக்கிறார், வேலையை விட்டுப் போகிறார். சாவி அலுவலகத்தின் சொத்து; பதிவேட்டில் இலக்கமிட்டுக் கொடுத்து, கையொப்பமிட்டுத் திரும்ப வாங்கலாம். கூகுள் நிறுவனத்தின் டைட்டன் சாவியும் ஏறக்குறைய இதே விலையில் இதே வேலையைச் செய்கிறது. எது கைக்கு எளிதாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம், இரண்டையும் கலந்து பதிவுசெய்தாலும் தடையில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் வாடிக்கையாளர்கள் இப்போது கேட்கத் தொடங்கியுள்ளார்கள். பிறருடைய தரவுகளை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று கூறும் அந்தச் சட்டம், பணிப்புரைகளை மீறுவோருக்கு 10 மில்லியன் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சாவி வாங்கியதால் சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. எனினும் விடுதிகளின் முகாமையாளர்கள் வந்து கேட்கும்போது, சாவிப் பதிவேட்டையும் உறைகளின் பட்டியலையும் எடுத்துக் காட்ட முடிகிறது.

பயிலுநர்கள் எம்மிடம் வருவதும் பரீட்சை முடிந்து கொழும்புக்குப் போவதும் ஆண்டுதோறும் நடப்பது. போகும்போது முதலில் அவருடைய கணக்கிலிருந்து சாவியின் பதிவை நீக்குகிறோம், பின்னர் யூபிகோ ஒதென்டிகேட்டர் செயலியில் சாவியை முழுவதும் அழித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். அழித்த சாவி புதியதைப் போலவே வேலை செய்கிறது. ஆகவே ஊழியர் தொகை கூடாதவரை மீண்டும் செலவு இல்லை. இனி வாங்குவதானால் பழைய அகலத் துளைக்கான யூஎஸ்பி-ஏ வகையை வாங்கப் போவதில்லை. புதிய மடிகணினிகளில் அந்தத் துளை குறைந்து வருகிறது, எமது களப்பணியாளர்களோ ஆலைகளுக்குப் போகும்போது கைத்தொலைபேசியையே நம்பியிருக்கிறார்கள். யூஎஸ்பி-சி சாவியையும், மேசைக்கணினிகளுக்காகச் சில நூறு ரூபாய் மாற்றிகளையும் வாங்குவதே இரண்டுக்கும் பொருந்தும்.